வெந்நீரில் போட்ட பாவாடை

அந்தத் தெருவில் யார் சட்டையில் பேனா மை கொட்டினாலும், யார் மேசைவிரிப்பில் எண்ணெய் சிந்தினாலும், முதலில் ஒரு ‘ஐயையோ’ கேட்கும். அடுத்ததாக, ‘கறையக்காகிட்ட குடுத்துப் பாரேன்’ என்று கேட்கும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அதை ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுகிறவர்கள் கேட்டபோது அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

லாண்டரிக் கடை தெருமுனையில் இருந்தது. முன்னறையில் அவள் வீட்டுக்காரர் இஸ்திரி போடுவார். பின்னால் கல்தொட்டியும் மெஷினும் கொடிக்கயிறுகளுமாகக் கிடக்கிற முற்றம் அவளுடைய ராஜ்ஜியம். சாதாரண அழுக்கை மெஷினுக்குத் தள்ளிவிடுவாள். கறை என்று வந்துவிட்டால் அவள் கைதான். “தண்ணி என் பக்கம், நெருப்பு உங்க பக்கம்” என்று கல்யாணமான புதிதில் பிரித்துக்கொண்டது. அதற்கப்புறம் அவர் ஒரு கைக்குட்டையை அலசியதில்லை, அவள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதில்லை. சண்டை வந்தாலும் அந்த எல்லையில்தான் வரும். ஈரம் காயாத துணியை அனுப்பிவிட்டாள் என்று அவர் கத்துவார். தங்கம் மாதிரி இருந்த துணியைத் தீய்த்துவிட்டார் என்று அவள் கத்துவாள்.

ரத்தக் கறையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பச்சைத் தண்ணீர், உப்பு, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான் அவள் மருந்து. “ரத்தத்துக்கு மட்டும் வெந்நீரைக் காட்டிடாதீங்க. துணியைக் கல்யாணம் பண்ணிக்கும், அப்புறம் யார் வந்தாலும் பிரிக்க முடியாது” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

வினையே அங்கேதான் வந்தது. மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆனபிறகு ஒருநாள் பாவாடையில் மறுபடி ரத்தம் பட்டிருந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அலசினாள், காயப்போட்டாள். அடுத்த வாரமும் பட்டது. அப்போதும் அலசினாள், காயப்போட்டாள். வேறொரு வீடாக இருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். இங்கே அவள் கை பட்ட துணியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் இந்த வித்தை நடந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது நாத்தனார். அவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள். அன்று டீயை வாங்கினவள் குடிக்காமல் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி, மூஞ்சி வெளுத்த துண்டு மாதிரி இருக்கு?”

“துண்டை வெளுக்கத்தானே நான் இருக்கேன்.”

“இந்தப் பேச்செல்லாம் எங்க அண்ணன்கிட்ட வச்சுக்குங்க. ஏறுங்க வண்டில.”

“தொட்டியில துணி ஊறுதுடி.”

“ஊறட்டும். நீங்க ஏறுங்க.”

கருப்பை வாயில் கட்டி. டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, அவளையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கை மீறியிருக்கும், இப்போது குணமாக்கத்தான் பார்க்கிறோம் என்றார். ஐந்து வாரம், ஞாயிறும் சனியும் நீங்கலாகத் தினமும் கதிர் சிகிச்சை. வாரத்துக்கு ஒருமுறை ஊசிவழியாகக் கீமோ. அதெல்லாம் முடிந்ததும் உள்ளேயே கதிர் வைக்கிற வைத்தியம் கொஞ்சம்.

“ரெண்டே விஷயம்மா. நடுவுல நிறுத்தக் கூடாது, விட்டு விட்டுப் பண்ணினா பலன் குறைஞ்சிடும். அப்புறம், வயித்தால போறது, எரிச்சல், வாந்தி, ரத்தம் எது வந்தாலும் மறைக்காம எங்ககிட்ட சொல்லணும். முக்கால்வாசிக்கு மருந்து இருக்கு.”

‘மறைக்காம’ என்ற இடத்தில் இஸ்திரிக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் மேசைவிரிப்பில் இருந்த டீக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 வீடு வந்து, முன்னறையில் செருப்பைக் கழற்றும்போது அவர் கேட்டார்.

“எத்தனை மாசமா நடக்குது?”

“இப்ப எதுக்கு அது?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.”

“சொன்னா? இஸ்திரி போட்டு எடுத்திருப்பீங்களா?”

வழக்கமாக இப்படிச் சொன்னால் அவர் சிரித்துவிடுவார். அன்று சிரிக்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

முதல் கூத்து சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நடந்தது. அளவு பார்க்க ஸ்கேன் எடுத்த அன்று, இடுப்பில் இரண்டு பக்கமும் அடிவயிற்றிலுமாக மையினால் குறுக்குக் கோடுகள் போட்டு அனுப்பினார்கள். கதிர் எங்கே விழ வேண்டும் என்பதற்கான அடையாளம். ‘தேய்ச்சுக் குளிக்காதீங்க’ என்று மெஷின் பக்கம் நிற்கிற பெண் சொன்னாள்தான். ஆனால் அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது கறையக்காவின் கவனமெல்லாம் அது எந்த வகை மை என்பதிலேயே இருந்தது.

வீட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். உடம்பில் மூன்று இடத்தில் மை. ஊர் மையையெல்லாம் எடுத்தவள் தன் தோலில் மையோடு தூங்குவதா? எலுமிச்சை, ஸ்பிரிட், மெல்லிசுத் துணி. கால்மணி நேரத்தில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது.

முதல்நாள் சிகிச்சைக்குப் போய்ப் படுத்தாள். மெஷின் பெண் குனிந்து பார்த்தாள், விளக்கைக் கூட்டிப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“கோடு எங்கக்கா?”

“எடுத்துட்டேனே! எவ்வளவு பிடிவாதமான மைங்கிறீங்க! ஆனா பாருங்க, ஒரு துளி மிச்சமில்ல.”

அந்தப் பெண் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “அக்கா, ஷவர்ல நின்னாலும் ஒரு வாரம் தாங்கும்னு கம்பெனிக்காரன் சொன்னான்க்கா.”

“கம்பெனிக்காரன் என்னைப் பார்த்ததில்லை.”

மறுபடி ஸ்கேன், மறுபடி அளவு. இந்தமுறை ஊசிமுனையால் குத்தி, மச்சம் மாதிரி மூன்று நிரந்தரப் புள்ளி வைத்துவிட்டார்கள். “இதை எடுக்க முடியாது” என்றாள் மெஷின் பெண். கறையக்கா தலையைத் தூக்கிப் புள்ளியை ஒரு மாதிரி பார்த்தாள். “பார்க்காதீங்க. கையைக் கட்டிப்போட்டுடுவேன்!” என்று அந்தப் பெண் விரலை ஆட்டினாள்.

அடுத்த பாடம் தண்ணீர். ஒவ்வொரு நாளும் வெளிக்குப் போய் வயிற்றைக் காலியாக்கிவிட்டு, சொன்ன அளவு தண்ணீரைக் குடித்து, மூத்திரப்பை நிறைந்த நிலையில் மெஷினுக்கு அடியில் படுக்க வேண்டும். பை நிறைந்தால் குடல் மேலே ஒதுங்கிக்கொள்ளும், கதிர் அதன்மேல் படுவது குறையும் என்று விளக்கினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டிலேயே குடித்துவிட்டு நாத்தனாரின் வேனில் ஏறியபோதுதான் ஊரில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று தெரிந்தது.

“மெதுவாடி!”

“மெதுவாத்தான் அண்ணி போறேன்.”

“இன்னும் மெதுவா!”

“இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி பின்னாடி போகும்.”

காத்திருக்கிற பெஞ்சில் ஒரு கண்டக்டரம்மா அறிமுகமானாள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே ஓய்வு பெற்றவள், அவளுக்கும் அதே இடத்தில்தான் கட்டி. “நான்லாம் காலைல பஸ் ஏறினா சாயங்காலம்தான் இறங்குவேன். அடக்குறதுல என்னை மிஞ்ச ஆள் இல்ல” என்று பீற்றிக்கொள்வாள். “ஆனா வீட்ல குடிச்சிட்டு வராதீங்க. இங்க வந்து உக்காந்து, அவங்க சொன்ன நேரத்துக்குக் குடிங்க” என்று வழி சொன்னதும் அவள்தான். அதன்பின் வேகத்தடைகளோடு சமாதானம் ஆயிற்று.

முதல் இரண்டு வாரம் கறையக்கா வந்தவர் போனவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தாள். “படுக்குறேன், எழுந்திரிக்கிறேன். சுடக்கூட இல்ல. இதுக்கா பயந்தேன்?” கீமோ அன்று மட்டும் வயிறு புரட்டும். வாயில் இரும்பு ருசி. “சேஃப்டி பின்னைக் கடிச்சிக்கிட்டே சாப்பிடற மாதிரி இருக்கு” என்பாள். துணியில் சீட்டுக் குத்துவதற்காகக் காலமெல்லாம் பின்னை உதட்டில் வைத்துப் பழகினவள், அந்த ருசி அவளுக்குத் தெரியாதா. இஸ்திரிக்காரர் சோற்றைக் குழையக் காய்ச்சிக் கொடுத்தார். “காலர் விறைக்கப் போடற கஞ்சியை எனக்கே ஊத்துறீங்களே” என்று சொல்லிக்கொண்டே குடித்தாள். வயிறு வலிக்கிறது என்றால் போதும், ஒத்தடம் கொடுக்க இஸ்திரிப் பெட்டியில் துணியைச் சுட வைத்துக்கொண்டு வந்து நிற்பார். அந்தத் தோலில் சூடு வைக்கவே கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் அவரைத் துரத்துவதே ஒரு வேலையாக இருந்தது.

மூன்றாம் வாரம் அளப்பு நின்றது. வயிறு பிடுங்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. ஒன்றுக்குப் போனால் எரிந்தது. மாடிப்படி மாதிரி ஒரு சோர்வு, ஏறிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நாத்தனார் பாசத்தில் ஒரு கூடை கீரையும் பழமும் கொண்டுவந்து இறக்கினாள். இப்போதைக்கு நார் அதிகமானது எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றதும், “அப்ப நான் தின்னுத் தொலைக்கிறேன்” என்று அதையும் அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

ஒருநாள் திரும்பி வரும் வழியில், வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கும்போது, வயிற்றை அடக்க முடியாமல் அது நடந்தேவிட்டது. பிள்ளைகள் உட்காருகிற சீட்டு. கறையக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வேன் நின்றதும், “நீ போய் டீ குடி, நான் வண்டியைத் துடைச்சு வைக்கிறேன், தூசியா இருக்கு” என்றாள். நாத்தனார் உள்ளே போனதும் வாளியும் துணியுமாக வந்து துடைத்தாள், கழுவினாள், மறுபடி துடைத்தாள். பிறகு முற்றத்துக்குப் போய்த் தன் துணியைத் துவைத்தாள். சோப்புத் தண்ணீரில் கண்ணீர் விழுந்தது. ஊராரின் அசிங்கத்தையெல்லாம் முகம் சுளிக்காமல் அலசியவளுக்குத் தன்னுடையது என்றதும் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து பழைய வித்தை தொடங்கியது. நர்ஸ் தினமும் கேட்பாள்.

“எத்தனை தடவை போகுதும்மா?”

“வழக்கம்போலத்தான்.”

“ரத்தம் எதாவது?”

“சேச்சே.”

வழியில் அவமானப்படக் கூடாதென்று, மெஷினுக்காகக் குடிக்கிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரே குடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். சாப்பாட்டையும் குறைத்தாள். ஆறு பாவாடை இருந்தது, ஆறும் மாறி மாறிக் கொடியில் வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து இஸ்திரிக்காரர் மனைவி நன்றாக இருக்கிறாள் என்றே நினைத்தார்.

ஒரு மத்தியானம் பின்னால் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. “குழாயை மூடும்மா!” என்று இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டு அவர் எழுந்து போனார். தொட்டியில் சாய்ந்தபடி அவள் தரையில் கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. பக்கத்து வாளியில் இன்னும் அலசாத அவள் பாவாடை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக அவர் அதைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏறியது. டாக்டரம்மா கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். உடம்பில் நீர் வற்றிவிட்டது, சிறுநீரகத்துக்கு ஆபத்து, கீமோவைத் தள்ளிப்போட வேண்டும், கதிரையும் உடம்பு தேறினால்தான் தொடர முடியும். “நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மாத்திரையில கட்டுப்படுத்தியிருப்பேன்மா.”

அவர் போனதும் கறையக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இதோட போதுங்க. நான் இனிமே வரலை.”

“என்ன போதும்?”

“அந்தப் பிள்ளைங்க உக்காருற சீட்டுங்க அது. என்னால முடியாது. வீட்லயே கிடக்கேன்.”

கால்மாட்டில் நின்றிருந்த நாத்தனாருக்கு அப்போதுதான் புரிந்தது. “ஓ, அன்னிக்குத் தூசி துடைச்ச கதை இதுதானா? அண்ணி, அந்த சீட்ல வாரத்துக்கு நாலு பிள்ளைங்க வாந்தி எடுக்குது. ஒண்ணு தினமும் ஒண்ணுக்குப் போகுது. உங்களுக்கு முன்னாடி அந்த சீட் பார்க்காததா?”

“அதுங்க குழந்தைங்கடி.”

“நீங்க என் அண்ணி.”

இஸ்திரிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

“நாளையிலேருந்து உன் துணியை நான் துவைக்கிறேன்.”

“என்னது?”

“நான் துவைக்கிறேன்.”

“ஐயோ, வேண்டாம். அதுக்கு நான் செத்தே போயிடுவேன்.”

“நீ சாகாம இருக்கத்தான் சொல்றேன். நீ துவைச்சா எனக்கு எதுவும் தெரிய மாட்டேங்குது. போன தடவையும் தெரியலை, இந்தத் தடவையும் தெரியலை. கொடியில வெள்ளையாத் தொங்குது, நான் பாட்டுக்கு நிம்மதியா இஸ்திரி போடறேன். உள்ள நீ உருகிக்கிட்டு இருக்கே. இனிமே அழுக்கை நான் பார்க்கணும். பார்த்தாத்தான் நான் வாயைத் திறந்து சொல்ல முடியும்.”

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, “உங்களுக்குப் பிழியக்கூடத் தெரியாது” என்றாள். சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாளில் உடம்பு தேறி, கதிர் தொடர்ந்தது. தினமும் காலையில் நர்ஸ் கேட்பதற்கு முன்பே இஸ்திரிக்காரர் எழுந்து நின்று, கடையில் துணிக்கணக்கு சொல்கிற குரலில் ஒப்பிப்பார். “நேத்து எட்டு தடவை. தண்ணியா. பாவாடையில ரத்தம் லேசா ரெண்டு இடத்துல.” பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கறையக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். “நல்ல மனுஷன். எங்க வீட்டு ஆளுக்கு நான் எந்த வார்டுன்னே தெரியாது” என்று கண்டக்டரம்மா அவள் காதில் சொல்வாள். நர்ஸ் மாத்திரையை மாற்றிக் கொடுத்தாள், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கச் சொன்னாள். எட்டு ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று. வேன் சீட்டில் நாத்தனார் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் பூப்போட்ட துண்டு ஒன்றை விரித்து வைத்திருந்தாள். “ராணிக்கு ஆசனம்” என்று கதவைத் திறந்துவிடுவாள்.

துவைப்பது என்னவோ கொடுமையாகத்தான் இருந்தது. சோப்பு போகாமல் துணி விறைத்துக்கொண்டு காய்ந்தது. ஒருநாள் அவர் ஆவி பறக்கிற வாளியைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே வந்தார், முகத்தில் அவ்வளவு பெருமை.

“இன்னிக்குச் சுத்தமாப் பண்ணியிருக்கேன் பாரு. ஒரு கிருமி தங்காது.”

பாவாடையை விரித்துக் காட்டினார். ரத்தம் பட்ட இடம் பழுப்பாக, வட்டமாக, அழுத்தி முத்திரை குத்தினதுபோல் இறங்கியிருந்தது.

“எந்தத் தண்ணியில போட்டீங்க?”

“கொதிக்கக் கொதிக்க.”

“ஐயோ கடவுளே!” அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எத்தனையோ நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அது. “ஊருக்கெல்லாம் சொல்றேனே, வெந்நீர் காட்டாதேன்னு. முன்னறையில உக்காந்து காதுல என்ன பஞ்சா வச்சிருந்தீங்க?”

“நான் நெருப்புக்காரன்தானே. தெரிஞ்சதைத்தானே செய்வேன்.”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நகருங்க நகருங்க” என்று எழுந்து பாத்ரூமுக்கு ஓடினாள். மயிரிழையில் போய்ச் சேர்ந்தாள். உள்ளேயிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் வாளியோடு கதவுக்கு வெளியே நின்று, தானும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரம் முடிந்தது, உள்ளே வைக்கிற வைத்தியமும் முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வயிறு அடங்கி, வாயிலிருந்து இரும்பு ருசி போய், அவள் தொட்டிக்குத் திரும்பினாள். தன் துணியையும் தானே எடுத்துக்கொண்டாள். கட்டி போய்விட்டதா என்று பார்க்கிற பரிசோதனைக்கு மட்டும் இன்னும் நாள் இருந்தது.

அப்போதுதான் ஒரு காலை, பாவாடையில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தாள்.

 கை அதன்பாட்டுக்குக் குழாயைத் திறந்தது. பச்சைத் தண்ணீர் கொட்டியது. ஒரு பிடி உப்பு போதும், இரண்டு நிமிஷம், அப்புறம் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நிமிர்ந்தாள். கொடியில் அந்தப் பழுப்பு வட்டம் போட்ட பாவாடை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குழாயை மூடினாள்.

துணியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கே ஒரு வாடிக்கைக்காரர், தபால் ஆபீஸ்காரர், தன் சட்டைக்காகக் காத்திருந்தார். அவள் அவரைக் கவனிக்கவே இல்லை.

“என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க.”

இஸ்திரிக்காரர் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, “வேனைக் கூப்பிடு!” என்று தெருவுக்கு ஓடினார்.

டாக்டரம்மா நன்றாகப் பரிசோதித்தார். பரிசோதனை நாளை முன்னே இழுத்து ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். அந்த வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முடிவு வந்த அன்று மூன்று பேரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“ரத்தம் வந்தது கதிர்பட்ட தோல் மெலிசா ஆனதால. அதுக்கு மருந்து தரேன். கட்டி இல்ல. சுத்தமா இருக்கு.”

“சுத்தம்னா?” என்றாள் கறையக்கா. “நல்ல வெளிச்சத்துல வச்சுப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்மா.”

“திருப்பிப் பார்த்தீங்களா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “திருப்பியும் பார்த்தேன். ஆனா நீங்க சொல்லாம விடாதீங்க, அடிக்கடி வந்து காட்டணும்.” அதற்குள் இஸ்திரிக்காரர் கைக்குட்டையால் கண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். அவர் தேய்த்து மடித்த கைக்குட்டை மடிப்புக் கலையாமல் நனைந்தது.

கடைக்குத் திரும்பினால் தபால் ஆபீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். அன்று விட்டுவிட்டு ஓடிய இஸ்திரிப் பெட்டி அவர் சட்டையின் முதுகில் தன் உருவத்தை அப்படியே பதித்துவிட்டிருந்தது.

“கறையக்கா, ஒரு வாரமா நானும் வரேன். இது போகுமா, போகாதா?”

அவள் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“போகாதுங்க. தீய்ஞ்சது தீய்ஞ்சதுதான். புதுசு எடுத்துத் தரோம், கோவிச்சுக்காதீங்க.”

இப்படி ஒரு சந்தோஷமான குரலில் யாரும் தன் சட்டை பாழானதைச் சொல்லி அவர் கேட்டதில்லை. குழம்பிப்போய்க் கிளம்பினார். அவள் அந்தச் சட்டையை முற்றத்துக்குக் கொண்டுபோய், பழுப்பு வட்டப் பாவாடைக்குப் பக்கத்தில் மாட்டினாள். இஸ்திரிக்காரர் பின்னாலேயே வந்து நின்றார்.

“தண்ணியிலயும் கெடுத்தாச்சு, நெருப்புலயும் கெடுத்தாச்சு. இனி உங்களை எந்த வேலைக்கு வச்சுக்கறது?”

“வேன்ல ஏத்தி விடுங்க அண்ணி, பிள்ளைங்களோட ஸ்கூலுக்குப் போகட்டும்” என்றாள் நாத்தனார், டீயை ஊதிக்கொண்டே.

 இஸ்திரிக்காரர் அழுக்குக் கூடையை இழுத்து, மேலாக இருந்த அவளுடைய பாவாடையை எடுத்து, வெயிலில் விரித்து, ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கமும் பார்த்தார். வாளியைக் குழாயடியில் வைத்தார்.

“பச்சைத் தண்ணிதானே?”

“பச்சைத் தண்ணிதான்” என்றாள் அவள்.